அலெக் கின்னஸ்: காலில் தொடங்கிய நடிப்பு

அலெக் கின்னஸைப் பற்றி நாடகக்காரர்கள் சொல்லிச் சிரிக்கும் கதை ஒன்று உண்டு. ஒரு பெரிய உணவகத்தின் வாசலில் கோட்டையும் தொப்பியையும் கழற்றிக் கொடுத்துவிட்டு டோக்கனுக்காகக் கையை நீட்டுகிறார். அதெல்லாம் தங்களுக்குத் தேவையே இல்லை என்று பணியாள் பவ்யமாகச் சொல்லிவிடுகிறார். பரவாயில்லை, நம்மையும் நாலு பேருக்குத் தெரிந்திருக்கிறது என்று உள்ளுக்குள் பூரித்தபடி சாப்பிட்டு முடித்து வெளியே வருகிறார். கோட்டுப் பையில் கையை விட்டால் ஒரு துண்டுச் சீட்டு. ‘வழுக்கை, கண்ணாடி’ என்று அதில் எழுதியிருக்கிறது.

சொல்லிச் சொல்லி மெருகேறிய கதையாகவே இருக்கட்டும். அறுபது ஆண்டுகளுக்கு மேல் மேடையிலும் திரையிலும் நின்றவர், ஆஸ்கார் வாங்கியவர், ராணியின் கையால் சர் பட்டம் பெற்றவர் ஒருவரைப் பற்றி இப்படியொரு கதை நம்பும்படியாக இருப்பதுதான் விஷயம். இருபதாம் நூற்றாண்டின் பிரிட்டிஷ் நடிகர்களில் லாரன்ஸ் ஒலிவியே என்றதும் ஒரு முகம் நினைவுக்கு வரும். ஜான் கீல்குட் என்றால் ஒரு குரல். கின்னஸ் என்றால் ஒரு கூட்டமே வரும். அந்தக் கூட்டத்தில் கின்னஸ் இருக்க மாட்டார்.

ஒரு பாத்திரத்தை அவர் பிடிப்பது பெரும்பாலும் காலிலிருந்துதான். அந்த ஆள் எப்படி நடப்பான், என்ன மாதிரி ஷூ போடுவான் என்பது தெரியாதவரை அவருக்கு வசனம் பிடிபடாது. தெருவில் போகிறவர்களின் நடையைப் பின்னாலிருந்து கவனிப்பது அவருடைய பழக்கம். மிருகக்காட்சி சாலைக்குப் போய் விலங்குகளின் அசைவைப் பார்த்துக்கொண்டு நிற்பதும் உண்டு. முகத்தை ஒப்பனைக்காரர் பார்த்துக்கொள்வார், நடையை நடிகன்தான் தேடவேண்டும்.

1914 ஏப்ரல் 2 அன்று லண்டனில் பிறந்தார். தாய் ஆக்னஸ் கஃப். பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயருக்கான கட்டத்தில் ‘அலெக் கின்னஸ்’ என்று இருக்கிறது. தந்தை பெயருக்கான கட்டம் காலி. பெயரைப் பார்த்துவிட்டு அவரைப் பிரபல பீர் கம்பெனிக் குடும்பத்தோடு முடிச்சுப் போட்டவர்கள் உண்டு. ஆண்ட்ரூ கெடஸ் என்ற ஸ்காட்லாந்து வங்கியாளர்தான் தகப்பன் என்பவர்களும் உண்டு. பள்ளிக் கட்டணம் அவர் பக்கத்திலிருந்துதான் வந்தது. தாய் நடுவில் ஸ்டிவன் என்ற ராணுவ அதிகாரியை மணந்துகொண்டதால் பையன் சில காலம் அலெக் ஸ்டிவனாகவும் இருந்தான். பதினான்கு வயதுக்குள் ஏறத்தாழ முப்பது விடுதிகளும் வாடகை அறைகளும் மாறியதாக ‘பிளஸ்ஸிங்ஸ் இன் டிஸ்கைஸ்’ என்ற தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். வாடகை பாக்கி ஏறியதும் தாயும் மகனும் இரவோடிரவாக அடுத்த வீட்டுக்கு மாறிவிடுவார்கள்.

படிப்பு முடிந்து ஒரு விளம்பர நிறுவனத்தில் வாசகம் எழுதும் வேலை. நாடகத்தில் சேரவேண்டும் என்ற பித்து தலைக்கேற, முன்பின் தெரியாத கீல்குட்டிடமே போய் வழி கேட்டார். அவர் மார்ட்டிட்டா ஹன்ட் என்ற நடிகையிடம் பாடம் கேட்க அனுப்பினார். சில வகுப்புகள் எடுத்துப் பார்த்த ஹன்ட், உனக்கு இது வராது, விட்டுவிடு என்று சொல்லிவிட்டார். கின்னஸ் விடவில்லை. ஃபே காம்ப்டன் நடிப்புப் பள்ளியில் உதவித்தொகையோடு இடம் பிடித்தார். கையில் காசில்லாமல் அலைந்த அந்தக் காலத்தில், மேசை மேலிருந்த பணத்தில் 20 பவுன் எடுத்துக்கொள் என்று கீல்குட் சொன்னாராம். கூச்சம் தடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார் கின்னஸ். 1934 இறுதியில் கீல்குட் போட்ட ‘ஹாம்லெட்’ நாடகத்தில் ஆஸ்ரிக் வேடம் கிடைத்தது. வயது 20. ஆஸ்ரிக் ஒரு அலங்காரப் பிரியன், ஒரே காட்சியில் வந்து போகிறவன். சிறு வேடத்தைக் கவனிக்க வைக்கும் வித்தை அப்போதே அவரிடம் இருந்தது.

நாலே ஆண்டில், 1938இல், டைரோன் கத்ரி இயக்கத்தில் அவரே ஹாம்லெட் ஆனார். நவீன உடையில் போட்ட அந்த நாடகம் ஓல்ட் விக் அரங்கில் நடந்தது. அதே ஆண்டில் சக நடிகை மெருலா சலமனோடு திருமணம்.

பிறகு போர். 1941இல் கடற்படையில் சாதாரண மாலுமியாகச் சேர்ந்து மறு ஆண்டே அதிகாரியானார். துருப்புகளைக் கரையிறக்கும் படகு ஒன்றுக்குப் பொறுப்பேற்க அமெரிக்கா போனவர், படகு தயாராகும்வரை கிடைத்த அவகாசத்தில் நியூயார்க்கில் ‘ஃபிளேர் பாத்’ நாடகத்தில் நடித்துவிட்டு வந்தார். 1943 ஜூலையில் சிசிலித் தீவில் நேச நாட்டுப் படைகள் இறங்கியபோது நேரம் ஒரு மணி தள்ளிப்போன தகவல் அவர் படகுக்கு வந்து சேரவில்லை. மற்றவர்களுக்கு முன்பே போய்க் கரை தட்டினார். லண்டன் நாடகக் கொட்டகையில் திரை இப்படி நேரந்தவறி ஏறாது என்று மேலதிகாரியிடம் அவர் சடைந்துகொண்டதாக ஒரு கதை இருக்கிறது. யூகோஸ்லாவியாவின் கொரில்லாப் படைகளுக்குச் சரக்கு கொண்டுபோன வேலையும் செய்தார்.

போருக்கு முன்பு, 1939இல், சார்லஸ் டிக்கன்ஸின் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ நாவலை அவரே மேடைக்கு எழுதி ஹெர்பர்ட் பாக்கெட்டாக நடித்திருந்தார். அதைப் பார்த்தவர்களில் ஒருவர் டேவிட் லீன். அப்போது படத்தொகுப்பாளராக இருந்த லீன், 1946இல் அதே நாவலைப் படமாக்கியபோது அதே வேடத்துக்கு அவரையே அழைத்தார். அங்கே தொடங்கிய உறவு ஆறு படங்கள், கணக்கில் அடங்காத சண்டைகள், முப்பத்தெட்டு ஆண்டுகள் என்று நீண்டது.

லீன் அடுத்து எடுத்தது ‘ஆலிவர் ட்விஸ்ட்’ (1948). சிறுவர்களைத் திருடப் பழக்கும் கிழவன் ஃபேகின் வேடத்தை கின்னஸ் கேட்டபோது லீன் சிரித்தார். முப்பது வயதைச் சற்றே தாண்டிய மென்மையான முகத்தை வைத்துக்கொண்டு அந்தக் கிழவனா? சோதனைக் காட்சி எடுத்துப் பாருங்கள் என்றார் கின்னஸ். ஜார்ஜ் குரூக்‌ஷாங்க் நாவலுக்கு வரைந்த பழைய படங்களை வைத்து ஸ்டூவர்ட் ஃப்ரீபார்ன் என்ற ஒப்பனைக் கலைஞர் மூக்கையும் புருவத்தையும் தாடியையும் கட்டியெழுப்பினார். வேடத்தோடு எதிரில் வந்து நின்றவரைப் பார்த்ததும் லீன் மறுபேச்சுப் பேசவில்லை.

ஆனால் அந்த மூக்கு வேறொரு புண்ணைக் கிளறியது. யூதர்களை வதைமுகாம்களில் கொன்று குவித்து மூன்று ஆண்டுதான் ஆகியிருந்தது. நாஜிகளின் கேலிச்சித்திரங்களில் வரும் அதே யூத மூக்கு திரையில் பெரிதாக நின்றது. 1949இல் பெர்லினில் படம் திரையிடப்பட்டபோது, முகாம்களிலிருந்து உயிர்தப்பி வந்தவர்கள் கொட்டகை முன் திரண்டார்கள். போலீசோடு கைகலப்பானது. அமெரிக்காவில் வெளியீடு 1951 வரை தள்ளிப்போனது, அதுவும் வெட்டுகளோடு. மூலப்படத்துக்கு நேர்மையாக இருந்தோம் என்பது படக்குழுவின் நியாயம். அந்த நியாயம் எந்தக் காலத்தில் எந்த ஊரில் எடுபடும் என்பதை அவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. வேறு இனத்தின் முகத்தை ஒட்டவைத்துக்கொள்ளும் இந்தச் சங்கடம் கின்னஸை விடாமல் பின்தொடர்ந்தது.

அவரை உலகத்துக்குக் காட்டியது லண்டனின் மேற்கே ஈலிங்கில் இருந்த ஒரு சிறிய ஸ்டுடியோ. 1949இல் ராபர்ட் ஹேமர் இயக்கிய ‘கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கரோனெட்ஸ்’ படத்தில், பிரபுப் பட்டத்தைக் கைப்பற்றுவதற்காக ஒருவன் தன் உறவினர்களை வரிசையாகக் கொன்றுகொண்டு போகிறான். சாகிற குடும்பம் டி’ஆஸ்காய்ன். கின்னஸுக்கு முதலில் நான்கு வேடங்கள் தருவதாகச் சொல்ல, ஏன் நான்கு, எட்டையும் நானே செய்கிறேனே என்றாராம். பாதிரியார், வங்கியாளர், தளபதி, கடற்படைத் தலைவர், பெண் வாக்குரிமைக்காகப் போராடும் அகதா சீமாட்டி என எட்டுப் பேரும் அவரே. அந்தப் பாதிரியாரையும் தளபதியையும் அடுத்தடுத்துப் பாருங்கள். ஒப்பனையை மறந்துவிட்டு அவர்கள் எழுந்து நிற்கும் விதத்தை மட்டும் பார்த்தாலே இரண்டு வேறு ஆட்கள் என்பது விளங்கும்.

ஒரு காட்சியில் இந்தக் குடும்பத்தினர் ஆறு பேர் தேவாலயத்தில் ஒரே சட்டகத்துக்குள் உட்கார்ந்திருப்பார்கள். கணினி இல்லாத காலம். ஒளிப்பதிவாளர் டக்ளஸ் ஸ்லோகோம் கேமராவை அசையாதபடி மேடையில் அறைந்து நிறுத்தினார். லென்ஸுக்கு முன்னால் ஆறு சிறிய ஜன்னல்கள் கொண்ட ஒரு சட்டம். ஆறுக்கும் கறுப்பு மூடி. ஒரு ஜன்னலைத் திறந்து கின்னஸை ஒரு வேடத்தில் அந்த இடத்தில் உட்காரவைத்துப் படமெடுப்பார். மூடுவார். ஃபிலிமைத் தொடங்கிய இடத்துக்கே பின்னோக்கிச் சுற்றுவார். கின்னஸ் போய் ஒப்பனையைக் கலைத்து அடுத்த ஆளாக மாறி வரும்வரை எல்லோரும் காத்திருப்பார்கள். பிறகு அடுத்த ஜன்னல். ஆறு முறையும் அதே ஃபிலிம். ஒரு முறை பிசகினாலும் அத்தனையும் வீண். இரண்டு நாள் பிடித்தது. இரவில் யாராவது வந்து கேமராவைத் தொட்டுவிடுவார்களோ என்று ஸ்லோகோம் ஸ்டுடியோவிலேயே அதன் பக்கத்தில் படுத்துத் தூங்கினார். பின்னாளில் இண்டியானா ஜோன்ஸ் படங்களை ஒளிப்பதிவு செய்தவரும் இவர்தான்.

ஈலிங்கில் அடுத்தடுத்து வந்தவை எல்லாம் நல்ல படங்கள். ‘த லாவண்டர் ஹில் மாப்’ (1951) படத்தில் தங்கக் கட்டிகளைக் காவல் காக்கும் நேர்மையான வங்கிக் குமாஸ்தா, அவற்றை உருக்கி ஈஃபிள் கோபுர பொம்மைகளாக்கிக் கடத்தத் திட்டம் போடுகிறான். அதே ஆண்டு வந்த ‘த மேன் இன் த வைட் சூட்’, கிழியாத, அழுக்காகாத துணியைக் கண்டுபிடித்து முதலாளி, தொழிலாளி இரு தரப்பின் வெறுப்பையும் சம்பாதிக்கும் விஞ்ஞானியின் கதை. 1955இல் ‘த லேடிகில்லர்ஸ்’: துருத்திய பற்களும் கழுத்தைச் சுற்றும் நீள மஃப்ளருமாக ஒரு கொள்ளைக்கூட்டத் தலைவன். சிரிப்புப் படங்கள் என்று இவற்றை ஒதுக்குகிறவர்கள் அந்தக் குமாஸ்தாவை மறுபடி பார்க்கவேண்டும். இருபது ஆண்டுகளாக யாரும் ஏறிட்டுப் பார்க்காத ஒருவனின் கண்ணில் குற்றத்தின் முதல் பொறி விழும் இடத்தில் கின்னஸ் புருவத்தைக்கூட அசைப்பதில்லை. ரேஷன் காலத்து இங்கிலாந்து தன்னைப் பார்த்துத் தானே சிரித்துக்கொண்ட படங்கள் அவை.

1954இல் ‘ஃபாதர் பிரவுன்’ படப்பிடிப்புக்காகப் பிரான்சில் இருந்தபோது, ஒரு மாலை பாதிரியார் அங்கியோடு தெருவில் நடந்து போனார். எங்கிருந்தோ ஓடிவந்த ஒரு சிறுவன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, வாய் ஓயாமல் பேசியபடி கூடவே நடந்துவிட்டு, விடைபெற்று ஓடிப்போனான். முன்பின் தெரியாத ஆளிடம் அங்கியை மட்டும் பார்த்து வந்த அந்த நம்பிக்கை கின்னஸை உலுக்கியது. அதே காலத்தில் அவருடைய ஒரே மகன் மத்தேயு போலியோவில் விழுந்தான். அன்றாடம் ஒரு தேவாலயத்தில் நுழைந்து பிரார்த்தித்தார். பையன் தேறினான். 1956இல் கின்னஸ் கத்தோலிக்க மதத்தில் சேர்ந்தார். கடைசிவரை அதில் உறுதியாக இருந்தார்.

மகனின் நோயை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது. அது இலங்கைக்கு வந்து சேர்ந்தது.

1956 கடைசியில் லீன், தயாரிப்பாளர் சாம் ஸ்பீகல், பெரிய படக்குழு எல்லாம் கொழும்பில் இறங்கின. பியர் பூல் என்ற பிரெஞ்சு எழுத்தாளரின் நாவலைத் தழுவிய ‘த பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்’ படத்துக்காகக் கித்துல்கலவில் களனி ஆற்றின் மீது மரப்பாலம் கட்டப்பட்டது. 425 அடி நீளம், 90 அடி உயரம். மரங்களை இழுத்து வந்தவை யானைகள். கதையில் ஜப்பானியரிடம் சிறைப்பட்ட பிரிட்டிஷ் கர்னல் நிக்கல்சன், முதலில் ராணுவ விதியின் பெயரால் அதிகாரிகள் உடலுழைப்பு செய்யமாட்டார்கள் என்று எதிர்த்து நிற்கிறார். பிறகு அதே பிடிவாதத்தோடு எதிரிக்கு உலகத்திலேயே நல்ல பாலமாகக் கட்டிக்கொடுக்க முனைகிறார். கின்னஸ் இந்த வேடத்தை ஒரு தடவைக்கு மேல் மறுத்திருந்தார். ஸ்பீகல் விருந்து வைத்துப் பேசியே வழிக்குக் கொண்டுவந்தார். இலங்கையில் வந்து இறங்கியதும், உண்மையில் அவர்கள் முதலில் நினைத்தது சார்லஸ் லாட்டனைத்தான் என்று லீன் வரவேற்றதாகக் கின்னஸ் பின்னாளில் சொன்னார்.

தொடக்கம் இப்படியென்றால் மற்றதைச் சொல்ல வேண்டாம். நிக்கல்சனிடம் கொஞ்சம் நகைச்சுவை வேண்டும், இல்லையென்றால் மனிதர் வெறும் சள்ளையாகிவிடுவார் என்பது கின்னஸின் வாதம். சள்ளையாகவே இருக்கட்டும் என்பது லீனின் பதில். பாலத்தின் மேல் நின்று, இருபத்தெட்டு ஆண்டு ராணுவ வாழ்க்கையில் என்ன மிஞ்சியது என்று நிக்கல்சன் அசைபோடும் காட்சியை லீன் முதுகுப் பக்கமிருந்து எடுத்தார். வாழ்நாளின் முக்கியமான வசனத்தைப் பேசும்போது முகத்தைக் காட்டாமல் எடுப்பதா என்று நடிகருக்குக் கோபம். இப்போது பார்த்தால் லீன் சொன்னதே சரி. கின்னஸின் முதுகு அவர் முகத்தைவிட அதிகம் பேசும். அதை அவரைவிட நன்றாக அறிந்திருந்தவர் லீன்.

ஒரு காட்சி மட்டும் சண்டைக்கு அப்பாற்பட்டது. கொதிக்கும் தகரக் கொட்டடியில் நாள்கணக்கில் அடைத்துவைக்கப்பட்ட நிக்கல்சனை வெளியே விடுகிறார்கள். முகாம் தளபதி சைட்டோவின் குடிசைவரை அவர் நடந்து போகவேண்டும். பேச்சே இல்லை. கால்கள் மடங்குகின்றன. உடம்பு ஒரு பக்கமாகச் சாய்கிறது. பாதம் ஒவ்வொரு முறையும் தரையைத் தேடித்தான் பதிகிறது. ஆனாலும் முதுகெலும்பு மட்டும் அணிவகுப்பில் நிற்பதுபோல விறைக்கப் பார்க்கிறது. போலியோவிலிருந்து எழுந்த மத்தேயு மறுபடி நடக்கப் பழகியபோது பார்த்த நடை அது என்று கின்னஸ் சொல்லியிருக்கிறார். தான் செய்ததிலேயே சிறந்தவற்றில் ஒன்று என்று அவர் கருதியதும் அந்தச் சில அடிகளைத்தான். அதில் ஒரு நடிகனின் சாமர்த்தியத்தோடு, வீட்டு வராந்தாவில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு தகப்பனும் இருக்கிறான்.

பாலத்தைத் தகர்க்கும் காட்சிக்கு 1957 மார்ச்சில் பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்காவே பரிவாரத்தோடு வந்தார். முதல் நாள் ஒரு கேமராக்காரர் பத்திரமாக ஒதுங்கிய சமிக்ஞை வராததால் லீன் வெடியை நிறுத்திவிட்டார். ஆளில்லாத ரயில் மட்டும் நிற்காமல் பாலத்தைக் கடந்து அந்தப் பக்கம் ஜெனரேட்டரில் போய் மோதியது. ரயிலைத் தூக்கி நிறுத்திச் சரிசெய்து மறுநாள் காலை வெடித்தார்கள். பாலத்தின் தூண்கள் நின்ற கான்கிரீட் அடித்தளங்களைக் கித்துல்கலவில் இன்றும் காட்டுகிறார்கள்.

படம் ஏழு ஆஸ்கார்களை அள்ளியது. சிறந்த நடிகர் விருது கின்னஸுக்கு. திரைக்கதை விருது மட்டும் ஒரு கேலிக்கூத்து. உண்மையில் எழுதிய கார்ல் ஃபோர்மனும் மைக்கேல் வில்சனும் கம்யூனிஸ்டுகள் என்று ஹாலிவுட் தள்ளிவைத்தவர்கள். அதனால் ஆங்கிலத்தில் எழுதாத பியர் பூல் பெயரில் விருது போனது. அவர்கள் இருவருக்கும் விருது போய்ச் சேர்ந்தபோது இருவருமே உயிரோடு இல்லை.

தமிழ் வாசகர் இந்தப் படத்தைப் பார்க்கையில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. கதையில் வரும் பாலம் சயாம்–பர்மா ரயில்பாதையைச் சேர்ந்தது. அந்தப் பாதை 415 கிலோமீட்டர். 1942–43இல் ஜப்பானியர் போட்டது. அதில் 12,000க்கு மேற்பட்ட நேச நாட்டுக் கைதிகள் செத்தார்கள். அவர்களைவிடப் பல மடங்கு, சுமார் 90,000 பேர் என்று மதிப்பிடப்படுகிறவர்கள், ஆசியக் கூலிகள். மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து பிடித்துக்கொண்டுபோன தமிழர்கள் அதில் பெரும்பங்கு. மலேசியத் தமிழ்க் குடும்பங்களில் அதற்குச் சயாம் மரண ரயில் என்று பெயர். காஞ்சனபுரியில் கைதிகளுக்குக் கல்லறைத் தோட்டங்கள் இருக்கின்றன. அந்தக் கூலிகளில் பெரும்பாலோருக்குப் பெயர் பொறித்த கல் கிடையாது. படத்தின் கதையிலும் அவர்களுக்கு இடமில்லை. உயிர்தப்பிய பிரிட்டிஷ் வீரர்களுக்கும் நிக்கல்சன் மீது கோபம் இருந்தது: அங்கே உண்மையில் தலைமை வகித்த கர்னல் ஃபிலிப் டூசி எதிரிக்கு வேலையைக் கெடுக்கப் பார்த்தவரே ஒழிய, ஒத்துழைத்துப் பெருமைப்பட்டவர் அல்ல. நிஜப் பாலம் இருந்தது மேக்லோங் ஆற்றின் மேல். படத்தைப் பார்த்துவிட்டு வந்த பயணிகள் குவாய் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருக்க, தாய்லாந்து அரசு 1960களில் அந்த ஆற்றுப் பகுதிக்கே குவாய் யாய் என்று பெயர் மாற்றிவிட்டது.

1959இல் சர் பட்டம். அதற்கு முந்தைய ஆண்டு ஜாய்ஸ் கேரியின் நாவலை ‘த ஹார்சஸ் மவுத்’ என்ற படமாக அவரே எழுதி, ஊரையே ஏய்த்துப் பிழைக்கும் ஓவியராக நடித்தார். அந்தத் திரைக்கதைக்கு ஆஸ்கார் பரிந்துரையும் வந்தது. இன்று அதிகம் பேசப்படாத படம், பேசப்படவேண்டிய படம். 1960இல் ‘டியூன்ஸ் ஆஃப் குளோரி’யில் தனக்குப் பொருந்தும் என்று எல்லோரும் நினைத்த கட்டுப்பாடான அதிகாரி வேடத்தை ஜான் மில்ஸிடம் விட்டுவிட்டு, குடித்துவிட்டு உறுமும் முரட்டு ஸ்காட்லாந்துக்காரரை எடுத்துக்கொண்டார்.

லீன் காந்தியைப் பற்றிப் படமெடுக்க ஆசைப்பட்டபோது மனதில் வைத்திருந்தது கின்னஸை. அது நடக்கவில்லை, அதற்குப் பதில் வந்தது ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’ (1962). அதில் இளவரசர் ஃபைசலாக, கண்ணை அரைவாசி மூடி எதிராளியை எடைபோடும் அரசியல்வாதியாக வந்தார். நன்றாகவே செய்தார் என்றாலும் ஒரு அரபு நடிகருக்குப் போகவேண்டிய வேடம். 1961இல் ‘எ மெஜாரிட்டி ஆஃப் ஒன்’ படத்தில் ஜப்பானிய வியாபாரியானது அதைவிடப் பரிதாபம். 1984இல் வெளியான ‘எ பாசேஜ் டு இந்தியா’ எடுக்க லீன் இந்தியா வந்தார். பெங்களூரைச் சுற்றிலும், காஷ்மீரிலும் படப்பிடிப்பு. கதையில் வரும் மராபார் குகைகளுக்குப் போகும் ரயில் நம் நீலகிரி மலை ரயில். விக்டர் பானர்ஜி, ரோஷன் சேத், சயீத் ஜாஃப்ரி என்று தேர்ந்த இந்திய நடிகர்கள் சுற்றிலும் நிற்க, நடுவில் பேராசிரியர் கோட்போலே என்ற பிராமணராகச் சாயம் பூசிய கின்னஸ். கதைப்படி பூஜை நீண்டுபோய் அந்த ரயிலைத் தவறவிடுகிறவர் கோட்போலேதான். நடை தெரிந்த மனிதருக்கு இந்த ஆளின் நடை கடைசிவரை கிடைக்கவில்லை. அவர் சிரமப்பட்டுப் பழகி ஆடிய நடனத்தை லீன் வெட்டியெறிந்தார். அதோடு இருவர் கூட்டும் முடிந்தது.

இதற்கிடையில்தான் ஜார்ஜ் லூக்கஸ் என்ற அமெரிக்க இளைஞர் விண்வெளிக் கதை ஒன்றோடு வந்திருந்தார். 1976இல் துனீசியப் பாலைவனத்தில் படப்பிடிப்பு. ஓபி-வான் கெனோபி என்ற தன் வேடத்துக்கான அங்கி கடையிலிருந்து வந்ததுபோலப் புத்தம் புதிதாக இருக்கக் கண்ட கின்னஸ், காட்சிக்கு முன் மணலில் படுத்துப் புரண்டு அதை அழுக்காக்கிக்கொண்டதாகக் கூட இருந்தவர்கள் சொல்வார்கள். வசனங்கள் குப்பை என்று நண்பர்களுக்குக் கடிதம் எழுதினார். ஆனால் படப்பிடிப்பில் முகம் சுளிக்கவில்லை. பிளாஸ்டிக் முகமூடிகளுக்கும் பொம்மை ரோபோக்களுக்கும் நடுவே அந்தக் கதையை நம்பிப் பேசிய ஒரே பெரிய மனிதர் அவர்தான். அவர் நம்பியதால்தான் பார்த்தவர்களும் நம்பினார்கள். யோடா என்ற பாத்திரத்தின் முகத்தை அடுத்த படத்தில் உருவாக்கியவர் யார் என்று நினைக்கிறீர்கள்? ஃபேகினுக்கு மூக்கு ஒட்டிய அதே ஸ்டூவர்ட் ஃப்ரீபார்ன்.

சம்பளத்தோடு லாபத்தில் பங்கும் கேட்டு வாங்கியிருந்தார்: லூக்கஸின் ஐந்தில் ஒரு பங்கில் இரண்டே கால் சதவீதம். கடன் வைத்துவிட்டு ஓடிய தாயின் மகனுக்கு ஆயுள் முழுக்கப் பணக் கவலையில்லாமல் செய்தது அந்தச் சிறு பின்னம். பிடித்த நாடகம், பிடித்த டிவி தொடர் என்று தேர்ந்தெடுத்துச் செய்ய முடிந்தது. ஆனால் படத்தின் மேல் வந்த வெறியை அவரால் ஜீரணிக்க முடியவில்லை. சான் பிரான்சிஸ்கோவில் ஒரு சிறுவன் நூறு தடவைக்கு மேல் பார்த்ததாகச் சொல்லிக் கையெழுத்துக் கேட்க, இனிமேல் பார்க்கமாட்டேன் என்று சத்தியம் செய்தால் தருகிறேன் என்றாராம், பையன் அழுதுவிட்டான். ‘எ பாசிட்டிவ்லி ஃபைனல் அப்பியரன்ஸ்’ என்ற தன் நாட்குறிப்பில் அவரே இதை எழுதியிருக்கிறார். சிறுவனை அழவைத்தது பெருமைக்குரிய விஷயம் என்று சொல்லமுடியாது.

அந்தப் பணத்தின் நிழலில் செய்ததுதான் 1979இல் பிபிசி எடுத்த ‘டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை’. ஜான் லெ காரேயின் உளவு நாவல். ஜார்ஜ் ஸ்மைலி என்ற, மனைவியும் அலுவலகமும் கைவிட்ட குண்டு உளவாளி. தயாராவதற்காக ஒரு நிஜ உளவுத் தலைவரைப் பார்க்கவேண்டும் என்றார் கின்னஸ். எம்ஐ6இன் முன்னாள் தலைவர் சர் மாரிஸ் ஓல்ட்ஃபீல்டோடு மதிய உணவுக்கு லெ காரே ஏற்பாடு செய்தார். சாப்பாடு முழுக்க அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்த கின்னஸ், ஓல்ட்ஃபீல்ட் விடைபெற்றுத் தெருவில் இறங்கியதும் அவர் குடையை ஆட்டியபடி போகும் போக்கைப் பின்னாலிருந்து பார்த்தபடி நின்றார். கஃப்லிங்க், மென்தோல் ஷூ என்று அந்த மனிதரின் சின்னச் சின்ன விஷயங்கள் ஸ்மைலிக்கு வந்து சேர்ந்தன. ஏழு பகுதிகளிலும் ஸ்மைலி பெரும்பாலும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொள்ள ஆகும் நேரத்தில் எதிரில் இருப்பவர் தன் பொய்யைத் தானே கலைத்துவிடுகிறார். தொடருக்குப் பிறகு ஸ்மைலியை எழுத உட்கார்ந்தால் கின்னஸின் குரல்தான் கேட்கிறது என்று லெ காரேயே சொல்லும்படி ஆயிற்று. 1982இல் ‘ஸ்மைலிஸ் பீப்பிள்’ தொடரிலும் அவரே வந்தார்.

1980இல் ஆஸ்கார் அமைப்பு மொத்தப் பணிக்கான கௌரவ விருது கொடுத்தது. 1987இல் வந்த ‘லிட்டில் டாரிட்’டுக்கு இன்னொரு பரிந்துரை, டிக்கன்ஸில் ஆரம்பித்தவர் டிக்கன்ஸுக்கே திரும்பினார். 2000 ஆகஸ்ட் 5 அன்று இங்கிலாந்தின் மிட்ஹர்ஸ்ட்டில் இறந்தபோது வயது 86. அறுபத்திரண்டு ஆண்டு உடனிருந்த மெருலா இரண்டு மாதம் கழித்துப் போனார்.

அவர் வேடங்கள் மற்றவர்கள் கைக்குப் போயின. 2004இல் டாம் ஹாங்க்ஸ் ‘லேடிகில்லர்ஸ்’ தலைவனானார், 2011இல் கேரி ஓல்ட்மன் ஸ்மைலியானார், இளவயது ஓபி-வானாக வந்த யுவன் மெக்ரிகர் கின்னஸின் உச்சரிப்பைப் பழகிக்கொண்டு பேசினார். 2015இல் வந்த ‘த ஃபோர்ஸ் அவேக்கன்ஸ்’ படத்துக்கு ஓபி-வானாக கின்னஸின் குரல் ஒரே ஒரு சொல்லுக்கு மட்டும் தேவைப்பட்டது. இயக்குநர் ஜே.ஜே. ஏப்ராம்ஸ் குழு பழைய ஒலிப்பதிவுகளைத் துழாவி, கின்னஸ் எப்போதோ ‘அஃப்ரெய்ட்’ என்று பேசியிருந்த ஒரு துண்டை எடுத்து, முன்னும் பின்னும் நறுக்கி, கதாநாயகி ரேயின் பெயரைச் சொல்ல வைத்துவிட்டது.